சாரா டீஸ்டேல் எழுதியது மரணக் குறிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கவிஞர் சாரா டீஸ்டேலைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரைக்கு முதலில் நன்றி. தமிழ் நாளிதழில் அவர் பெயர் அச்சாவதே அபூர்வம். ஆனால் கட்டுரை எந்த இரண்டு செய்திகளின் மேல் நிற்கிறதோ, அந்த இரண்டுமே தவறு. 'ஐ ஷால் நாட் கேர்' ('எனக்கொன்றுமில்லை') என்ற எட்டு வரிக் கவிதையை, 1933-ல் உயிரை மாய்த்துக்கொள்ளும் முன் தன்னைக் கைவிட்டவனுக்கு அவர் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பது ஒன்று. 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' ('மென்மழை வரும்') கவிதையில் அணு ஆயுதப் போரை முன்கூட்டியே கண்டு சொன்னார் என்பது மற்றொன்று. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலம் படிக்கிறவர்களிடமே இந்தக் கதைகள் வெகுகாலமாக உலவுகின்றன. இரண்டையும் உடைக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. புத்தகங்களின் ஆண்டைப் பார்த்தால் போதும்.

'ஐ ஷால் நாட் கேர்' கவிதை 'ரிவர்ஸ் டு தி சீ' என்ற தொகுப்பில் இருக்கிறது. மேக்மில்லன் நிறுவனம் அதை வெளியிட்ட ஆண்டு 1915. டீஸ்டேல் நியூயார்க்கில் இறந்தது 1933 ஜனவரி 29. இடையில் 18 ஆண்டுகள். அது மட்டுமல்ல, 1917-ல் வந்த 'லவ் சாங்ஸ்' தொகுப்பிலும் இதே கவிதையை அவரே மறுபடி சேர்த்தார். அந்தத் தொகுப்புக்குத்தான் 1918-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் வழியாக 500 டாலர் பரிசு கிடைத்தது. மரணக் குறிப்பு என்று சொல்லப்படும் ஒன்று, எழுதியவர் இறப்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே பரிசு பெற்ற புத்தகத்தில் அச்சாகி, கடையில் விற்றுக்கொண்டிருந்தது.

இந்தப் பிழை எங்கே விழுகிறது என்பதையும் சொல்லிவிடலாம்; வேறு கவிஞர்கள் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. டீஸ்டேலின் கவிதைகள் மொத்தமாக ஒரே நூலாக வந்தது 1937-ல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து. பிற்காலத் தேர்வு நூல்கள் பலவும் இதிலிருந்தே கவிதைகளை எடுக்கின்றன. நூலின் பதிப்பாண்டையே கவிதையின் ஆண்டாகக் கொண்டால் எல்லாக் கவிதையும் மரணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 'லவ் சாங்ஸ்' நூலிலும் ஒரு பொறி உண்டு. அது முழுக்கப் புதிய கவிதைகளின் தொகுப்பல்ல. முந்தைய தொகுப்புகளிலிருந்து பொறுக்கிய காதல் கவிதைகளோடு புதியவற்றையும் சேர்த்த நூல். அதை மட்டும் பார்த்து 1917 என்று குறித்தால் இரண்டு ஆண்டு பிசகும்.

சரிபார்க்க நினைப்பவர் தொகுப்புகளை வந்த வரிசையில் பார்க்க வேண்டும். 1907-ல் நடிகை எலியனோரா டூஸேவைப் பாடும் சானெட்டுகளின் (பதினான்கு வரிக் கவிதைகளின்) தொகுப்பு, 1911-ல் 'ஹெலன் ஆஃப் டிராய்', 1915-ல் 'ரிவர்ஸ் டு தி சீ', 1917-ல் 'லவ் சாங்ஸ்', 1920-ல் 'ஃபிளேம் அண்ட் ஷேடோ', 1926-ல் 'டார்க் ஆஃப் தி மூன்', 1930-ல் சிறுவர்களுக்கான 'ஸ்டார்ஸ் டுநைட்', இறந்த பிறகு 1933-ல் 'ஸ்ட்ரேஞ்ச் விக்டரி'. கவிதை எந்தத் தொகுப்பில் முதலில் வருகிறதோ, அந்த ஆண்டுக்குப் பின் அது எழுதப்பட்டிருக்க முடியாது. அதற்கும் முன்னால் ஏதேனும் பத்திரிகையில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இறுதிக் காலத்து டீஸ்டேல் வேண்டுமென்றால் புரட்ட வேண்டியது 'ஸ்ட்ரேஞ்ச் விக்டரி'யை. மெலிந்த புத்தகம்தான், ஆனால் குரல் அடியோடு வேறு.

கவிதையில் பேசுகிறவள் இறந்துபோனவளாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறாள் என்பதால் கவிஞர் சாகத் துணிந்துவிட்டார் என்று ஆகிவிடாது. ஆங்கிலத்தில் இது ஒரு பழைய மரபு. ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி 'நான் இறந்தபின், அன்பே, எனக்காகச் சோகப் பாட்டுப் பாடாதே' என்று தொடங்கும் கவிதையை எழுதும்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். ரோசெட்டியை டீஸ்டேல் வாழ்நாள் முழுக்கப் படித்தவர். கடைசி ஆண்டுகளில் ரோசெட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் வேலையில் இறங்கி, அதற்காகவே இங்கிலாந்து போய்வந்தார். 'தலைவி கூற்று' என்றால் புலவரின் நாட்குறிப்பு அல்ல என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்', அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது, என்று தொல்காப்பியம் கட்டிவைத்த வேலி அது. அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த நாம், அமெரிக்கப் பெண் ஒருத்தி எழுதினால் மட்டும் வாக்குமூலம் என்று படிப்பது ஏன் என்று தெரியவில்லை.

மரணக் கதையை ஒதுக்கிவிட்டுக் கவிதையைப் பார்த்தால் அதன் கட்டுமானம் கண்ணில் படும். பொருள் இதுதான்: நான் இறந்து, எனக்கு மேலே ஒளிரும் ஏப்ரல் தன் மழை நனைத்த கூந்தலை உதறும்போது, நீ நெஞ்சுடைந்து என்மேல் குனிந்து நின்றாலும் எனக்கொன்றுமில்லை. மழை கிளையைத் தாழ்த்தும்போது இலையடர்ந்த மரங்களுக்கு உள்ள அமைதி எனக்கும் இருக்கும். இப்போது நீ இருப்பதைவிட நான் பேச்சற்றவளாக, ஈரமற்ற நெஞ்சுக்காரியாக இருப்பேன்.

ஆங்கில உச்சரிப்பில் அசைகளை (சிலபிள்களை) எண்ணிப் பாருங்கள். முதல் வரி 11, இரண்டாவது 6, மூன்றாவது 11, நான்காவது வெறும் 4. அடுத்த பத்தியும் அப்படியே 11, 6, 11, 4. நீண்டு ஓடும் வரியில் மழையும் கூந்தலும் குனிந்து நிற்கும் காதலனும் வருகிறார்கள். நான்கு அசை வரியில் கதவு சாத்தப்படுகிறது. இயைபு இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் மட்டும்தான். 11 அசை வரிகள் அழுத்தமில்லாத அசையில் முடிவதால் குரல் சற்றே தொய்ந்து இறங்குகிறது. 4 அசை வரி அழுத்தமான அசையில் முடிவதால் வெட்டியதுபோல் நிற்கிறது. மூன்றாம் வரி 'நெஞ்சுடைந்த' என்று முடிய, அதற்கு நேர் எதிரே ஏழாம் வரி 'நெஞ்சிறுகிய' என்று முடிகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் முடிபவை. முதலாவது அவனுக்கு, இரண்டாவது அவளுக்கு. கடைசி நான்கு அசையில் அந்தக் குற்றச்சாட்டு திரும்பி அவன் மேலேயே விழுகிறது: உடைந்த நெஞ்சு என்பது வருங்காலக் கற்பனை, இறுகிய நெஞ்சுதான் இன்று அவனிடம் உள்ளது. சாகத் துணிந்தவளின் விடைபெறல் இப்படி இருக்காது. இது சண்டை; உயிரோடு, சூடாக நடக்கிற சண்டை. ஜெயிப்பதும் அவள்தான்.

ஏப்ரல் பற்றியும் தமிழ் வாசகருக்கு ஒரு வரி அடிக்குறிப்பு தேவை. நமக்கு ஏப்ரல் என்றால் சித்திரை வெயில். டீஸ்டேல் பிறந்து வளர்ந்த மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரில் அது மழையும் புதுத் தளிரும் சேர்ந்து வரும் மாதம். இது தெரியாவிட்டால் கல்லறைக்கு மேலே ஏப்ரல் கூந்தலை உதறும் அந்தப் படிமம் நம் வாசகருக்கு எட்டாது.

இறந்த விதத்தைக் கட்டுரை விவரித்திருந்ததும், பக்கத்திலேயே கவிதையைக் கடைசிக் கடிதம்போல் கட்டம் கட்டிப் போட்டிருந்ததும் சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-ல் இதற்கென்றே நெறிமுறைகளை ஏற்றிருக்கிறது. முறையை விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணம் சூட்டக் கூடாது, பரபரப்பான தலைப்பு வைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. இறந்து தொண்ணூறு ஆண்டு ஆனவர்தானே என்று விட்டுவிட முடியாது. கட்டுரையைப் படிப்பவர்கள் இன்று இருப்பவர்கள். ஒற்றைக் காரணம் என்பது டீஸ்டேல் விஷயத்தில் உண்மையும் அல்ல. சிறுவயது முதலே உடல்நலம் குன்றியவர். 1929-ல் மணவிலக்கு. 1931 டிசம்பரில் நண்பரும் கவிஞருமான வேச்சல் லிண்ட்சேயின் மரணம். 1932-ல் இங்கிலாந்தில் நிமோனியா. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே விடாமல் தொடர்ந்த மனச்சோர்வு. இவற்றில் ஒன்றை மட்டும் உருவி 'காதல் தோல்வி' என்று பெயர் வைப்பது வசதிக்காகச் செய்வது.

லிண்ட்சே கதையும் கட்டுரையில் சினிமாத்தனமாகவே வந்திருக்கிறது. ஏழைக் கவிஞனைத் தள்ளிவிட்டுக் கோடீஸ்வரனைக் கட்டிக்கொண்டார் என்பது எளிதாகச் சொல்லக்கூடிய கதைதான். லிண்ட்சே இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்தவர். கவிதையைக் கொடுத்து ரொட்டி வாங்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்த மனிதர். டீஸ்டேலுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். டீஸ்டேல் 1914 டிசம்பரில் மணந்துகொண்ட எர்ன்ஸ்ட் ஃபில்சிங்கர் செயின்ட் லூயிஸ் வணிகர். காலணித் தொழிலிலும் ஏற்றுமதியிலும் இருந்தவர், லத்தீன் அமெரிக்காவுக்குப் பொருள் ஏற்றுமதி செய்வது எப்படி என்று கையேடு எழுதியவர், மனைவியின் கவிதைகள் மேல் உண்மையான பற்று வைத்திருந்தவர். வேலை நிமித்தம் மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தார். மணவாழ்வு அந்தத் தனிமையில் தேய்ந்தது. நேவாடா மாநிலத்து ரீனோவில் டீஸ்டேல் மணவிலக்குப் பெற்றபோதும் ஃபில்சிங்கர் கடல் கடந்துதான் இருந்தார். திருமணத்துக்கு முன் டீஸ்டேல் மனம் நாடியது ஜான் ஹால் வீலாக் என்ற நியூயார்க் கவிஞரை என்கிறார்கள் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள். ஆக, 'கைவிட்ட காதலன்' என்று கட்டுரை லிண்ட்சேயைக் காட்டுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. நட்பு கடைசிவரை நின்றது. லிண்ட்சே தன் 'சைனீஸ் நைட்டிங்கேல்' தொகுப்பை டீஸ்டேலுக்குக் காணிக்கையாக்கினார். லிண்ட்சே இறந்தபின் டீஸ்டேல் எழுதிய அஞ்சலிக் கவிதை 'ஸ்ட்ரேஞ்ச் விக்டரி'யில் இருக்கிறது. லிண்ட்சேயின் வரியையே எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கவிதை அது.

இனி மழைக் கவிதைக்கு வருவோம். 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' முதலில் வெளியானது ஹார்ப்பர்ஸ் மாத இதழில், 1918 ஜூலையில். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. போர் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. 1920-ல் 'ஃபிளேம் அண்ட் ஷேடோ'வில் சேர்த்தபோது தலைப்புக்கு அடியில் 'போர்க்காலம்' என்ற துணைத் தலைப்பும் இருந்தது. பல மறுபதிப்புகளில் அந்தத் துணைத் தலைப்பு காணாமல் போய்விடுகிறது. அது போனதும் கவிதைக்கு ஆண்டும் இல்லை, போருக்குப் பெயரும் இல்லை. யாரும் எந்தப் போரையும் அதில் பொருத்திக்கொள்ளலாம்.

அணுகுண்டு ஒட்டிக்கொண்டது அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரி வழியாக. இதே தலைப்பில் அவர் எழுதிய சிறுகதை 1950 மே மாதம் காலியர்ஸ் இதழில் வந்தது. அணுப்போரில் வீட்டார் எல்லோரும் மடிந்தபின், கலிஃபோர்னியாவில் ஒரு தானியங்கி வீடு மட்டும் சமைத்து, பெருக்கி, மணி சொல்லிக்கொண்டிருக்கும். இரவு 9.05-க்கு வீட்டு எஜமானிக்கு எந்தக் கவிதை வேண்டும் என்று கேட்டு, பதில் வராததால் தானே இந்தக் கவிதையை முழுக்க ஒப்பிக்கும். கதை அருமையான கதை. தலைமுறை தலைமுறையாக அமெரிக்க மாணவர்கள் டீஸ்டேலைச் சந்திப்பதே அதில்தான். ஆனால் அந்தப் பொருத்தம் பிராட்பரி செய்தது. டீஸ்டேல் இறந்து 12 ஆண்டு கழித்துத்தான் ஹிரோஷிமா.

கவிதைக்குள்ளேயே சான்று உண்டு. மொத்தம் 12 வரி, ஆறு ஈரடிகள். முதல் எட்டு வரிகளின் வினைகள் எல்லாம் உறுதியான எதிர்காலம்: மென்மழை வரும், தவளைகள் பாடும், ராபின்கள் இறகு நெருப்பை அணியும், ஒன்றுக்கும் போரைப் பற்றித் தெரியாது, அது முடியும்போது ஒன்றும் கவலைப்படாது. ஒன்பதாம் வரியில் இலக்கணம் மாறுகிறது. மனித இனமே அடியோடு அழிந்தாலும்கூடப் பறவையோ மரமோ பொருட்படுத்தாது, வசந்தம் விடியலில் கண்விழித்தால் நாம் போய்விட்டதைக் கவனிக்கக்கூட மாட்டாள் என்று கடைசி நான்கு வரிகள் 'ஒருவேளை' என்ற நிலைக்குப் போய்விடுகின்றன. போர் முடியும் என்பது கவிதையில் நிச்சயம். மனிதகுல அழிவு வெறும் அனுமானம், இயற்கையின் அலட்சியத்தை அளந்து காட்ட எடுத்த அளவுகோல். தங்கள் கட்டுரை தந்திருக்கும் தமிழ் வடிவத்தில் 12 வரிகளும் ஒரே காலத்தில் வருகின்றன. தீர்க்கதரிசனம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஓசையைக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். வரிக்கு நான்கு அழுத்தம். அசைகளின் எண்ணிக்கை மட்டும் மாறிக்கொண்டே போகும். முதல் இரண்டு வரிகளில் 11 அசை வீதம். மழையும் மண்வாசனையும் தகைவிலான் குருவிகளும் தாராளமாகப் புழங்குகின்றன. எட்டாம், பத்தாம், பன்னிரண்டாம் வரிகள் 8 அசைக்கு இறுகிவிடுகின்றன. போரும் அழிவும் நாமும் வரும் இடங்கள் அவை. இரண்டாம் வரியில் தகைவிலான்கள் வட்டமிடும்போது 'ஸ', 'ஷ' ஒலிகளைச் சரமாகக் கோத்திருக்கிறார். 'ஒன்றும் இல்லை' என்ற பொருள்தரும் தொடர் ஏழாம் வரியில் இருமுறை, ஒன்பதில் ஒருமுறை. ஏழாம் வரியின் கடைசியில் அந்தத் தொடரை நிறுத்தி, பயனிலையை எட்டாம் வரிக்குத் தள்ளியிருக்கிறார். 12 வரியில் வாக்கியம் வரி தாண்டி உடைவது மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் அது.

இதற்கு மூன்றாண்டு முன்பே, 'ரிவர்ஸ் டு தி சீ' தொகுப்பில், 'ஸ்பிரிங் இன் வார் டைம்' என்ற கவிதை எழுதியிருக்கிறார். ஐந்தைந்து வரியாக நான்கு பத்திகள். துயரத்தில் கிடக்கும் உலகுக்கு வர வசந்தத்துக்கு எப்படி மனம் வருகிறது, புதுக் கல்லறைகள் மேல் அசைந்தாடப் புல்லுக்கு எப்படி மனம் வருகிறது என்று கேட்டுக்கொண்டே போகும். 1915-ல் இயற்கையைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு 1918-ல் வந்த பதில்தான் மழைக் கவிதை: இயற்கைக்கு அப்படி மனம் என்று ஒன்றும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் அணுகுண்டுக்குப் போக வேண்டியே இருந்திருக்காது.

படங்களில் நேர்ந்த பிழை ஒன்று. கவிதைக்கு அருகே ஐரோப்பிய ராபின் படத்தை வைத்திருக்கிறார்கள். அது 14 செ.மீ. நீளமே உள்ள சிறு குருவி. டீஸ்டேல் சொல்வது அமெரிக்க ராபின். கிட்டத்தட்ட நம் மைனா அளவு இருக்கும், மார்பு முழுக்கச் செங்காவி நிறம். 'இறகு நெருப்பு' என்றது அதைத்தான். நம் ஊரில் ராபின் என்று சொல்லப்படும் கருங்குருவியை மனதில் வைத்துக்கொண்டாலும் படிமம் அணைந்துவிடும். ராபின் உட்கார்ந்திருப்பதும் கட்டுரை சொல்வதுபோல் மின்கம்பியில் அல்ல, தாழ்வான வேலிக்கம்பியில். வெள்ளையாகப் பூத்து நிற்பது காட்டுப் பிளம் மரம். அமெரிக்க நடுமேற்கில் இலை விடும் முன்பே பூத்துவிடும். தவளைச் சத்தமும் அங்கே மழைக்காலத்துக்கு அல்ல, வசந்தத் தொடக்கத்துக்கு அடையாளம்.

புலிட்சர் பரிசு பற்றி: 'லவ் சாங்ஸ்' 1918-ல் பெற்ற பரிசைக் 'கவிதைக்கான முதல் புலிட்சர்' என்று கட்டுரை சொல்வது முழுத் தவறல்ல, முழு உண்மையும் அல்ல. அதிகாரபூர்வமான கவிதைப் பிரிவு 1922-ல்தான் தொடங்கியது. முதலில் பெற்றவர் எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன். 1918, 1919 ஆண்டுகளில் கொடுத்த பரிசுகளுக்குப் பணம் தந்தது அமெரிக்கக் கவிதைக் கழகம். அவற்றையும் புலிட்சர் பட்டியலில் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

டீஸ்டேல் எழுதியதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 'ஹெலன் ஆஃப் டிராய்' நூலில் ஹெலன், சாஃபோ, கினவீர் என்று புராண, வரலாற்றுப் பெண்கள் பேசும் நீண்ட தனிமொழிகள் இருக்கின்றன. இயைபில்லாத நடையில் அவர் தடுமாறுவது தெரியும். காதல் பாட்டுகளிலும் கொஞ்சம் சர்க்கரை தூக்கலானவை உண்டு. அவர் கைவந்தது எட்டு வரியும் பன்னிரண்டு வரியும்தான். அந்தச் சுருக்கம் பழகி வந்தது. இருபது வயதில் செயின்ட் லூயிஸ் தோழிகளோடு சேர்ந்து, 1904 முதல் 1907 வரை, மாதம் ஒரே ஒரு பிரதியாகக் கையால் எழுதிப் படம் வரைந்து 'பாட்டர்ஸ் வீல்' என்ற இதழை நடத்தினார்கள். மாதா மாதம் கவிதை தர வேண்டும், படிப்பவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் தோழிகள். மார்கெரிட் வில்கின்சன் 1919-ல் வெளியிட்ட நூலுக்காக டீஸ்டேல் தன் முறையை விளக்கியிருக்கிறார். கவிதை தீச்சுடரின் சத்தமில்லாத வேகத்தில் போக வேண்டும், படிக்கும்போது வாசகர் உணர வேண்டும், யோசனை பிறகு வரட்டும் என்பது அதன் கருத்து. எளிமை அவருக்குத் தெரியாமல் நேர்ந்ததல்ல.

இதே செயின்ட் லூயிஸில், டீஸ்டேலுக்கு நான்கு ஆண்டு பின்னால் பிறந்தவர் டி.எஸ். எலியட். டீஸ்டேல் சிலகாலம் படித்த மேரி இன்ஸ்டிடியூட் பள்ளியை நிறுவியவர் எலியட்டின் தாத்தா. 'லவ் சாங்ஸ்' வந்த அதே 1917-ல் எலியட்டின் முதல் தொகுப்பும் வந்தது. அதிலும் முதல் கவிதை தலைப்பில் ஒரு காதல் பாட்டுதான். பாடத்திட்டம் எலியட்டின் பின்னால் போனது. டீஸ்டேல் பாட்டுப் புத்தகங்களுக்கும் சேர்ந்திசைக் குழுக்களுக்கும் போனார். லாட்வியாவின் எரிக்ஸ் எஷென்வால்ட்ஸ் நட்சத்திரக் கவிதை ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளைத் துணையாக வைத்து இசையமைத்திருக்கிறார்.

கட்டுரைக்குத் தொடர்ச்சி வெளியிடும் எண்ணம் இருந்தால் 'லெட் இட் பி ஃபர்காட்டன்' ('அது மறக்கப்படட்டும்') கவிதையைப் போடுங்கள். எட்டே வரிக்குள் 'மறக்கப்பட்ட' என்ற சொல் ஆறு முறை வருகிறது. இத்தனை முறை 'மறந்தாயிற்று' என்று சொல்பவர் மறக்கவில்லை என்பது கவிதையில் எங்கும் எழுதப்படவில்லை, எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது. பூவைப்போல், நெருப்பைப்போல் என்று முதலில் தனித்தனி வரியில் வந்த உவமைகள் ஏழாம் வரியில் நெருக்கியடித்து ஒன்றாக வருகின்றன. மொழிபெயர்க்கிறவர் சலிப்புத் தட்டும் என்று பயந்து அந்த ஆறில் இரண்டைக் குறைத்தாலும் கவிதை போய்விடும்.

அச்சிடும்போது ஒரு கோரிக்கை. சென்ற முறை ஒற்றைப் பத்தி அகலத்தில் கவிதையைப் போட்டதால் நீண்ட வரிகள் உடைந்து கீழே விழுந்தன. வரி எது, வழிந்த மிச்சம் எது என்று தெரியவில்லை. 11, 6, 11, 4 என்ற ஏற்ற இறக்கமும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. டீஸ்டேலுக்கு இரண்டு பத்தி அகலமாவது வேண்டும். அப்போதும் வரி உடைந்தால் மிச்சத்தை நன்றாக உள்தள்ளிப் போடலாம். எழுத்தின் அளவைக் குறைப்பது உதவாது. முதியவர்கள் படிக்கும் பக்கம் அது. குறுகிய வரிகளை நடுவில் கொண்டுவந்து அழகுபடுத்தாமல் இடப்பக்கமே விட்டுவிட்டால், வலப்பக்கத்து வெற்றிடம் தன் வேலையைச் செய்யும்.

உரிமைச் சிக்கல் கிடையாது. இந்தியாவில் அவர் கவிதைகளின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவிலும் 1926-ல் வந்த 'டார்க் ஆஃப் தி மூன்' வரை பொதுவுடைமை. பழைய மேக்மில்லன் பதிப்புகளின் நகல்கள் இணைய நூலகங்களில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. பாடத்தை அங்கிருந்து எடுப்பது நல்லது. வாழ்த்து அட்டைத் தளங்களில் உள்ள பாடங்களில் நிறுத்தற்குறிகள் மாறியிருக்கும், பத்தி இடைவெளி போயிருக்கும், 'போர்க்காலம்' என்ற துணைத் தலைப்பும் பெரும்பாலும் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்